முகூர்த்தம் இல்லாத மாதம்

ஆடி 2, ஞாயிறு

சந்தை நாள். பகல் முழுக்கக் காற்று. கூட்டித் தள்ளிய மண் முறத்தை எடுத்து வருவதற்குள் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது. கொள்ளுப் பருப்பு கடைந்து, ரசம் வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மைமூன் பின்கதவைத் தட்டினாள். அவளுக்குப் பின்னால், தலையில் வளையல் பெட்டியோடு ஒரு பெண். முந்தானையை மூக்குவரை இழுத்து விட்டிருந்தாள்.

"டீச்சரம்மா, பொட்டிய எறக்கி வெச்சுக்குங்க. பொட்டி தூக்கி வந்ததையும் சேர்த்துத்தான்" என்றாள் மைமூன். சிரிக்கவில்லை.

"ஆடியிலயா மைமூன்?"

"நானென்ன பண்றதுங்க? கையைப் புடிச்சா விட மாட்டேங்குது. 'இன்னிக்கே'ங்குது."

எங்கள் வேலையை ஒரு பாடம் போல எழுதி வைக்கிறேன், பழக்கம் விடவில்லை. மில் விடுதிப் பெண்களை மாதத்தில் ஒரு ஞாயிறு வேனில் சந்தைக்குக் கூட்டி வருவார்கள். வார்டன் பக்கத்திலேயே நிற்பாள். வெளியாட்களோடு பேசக்கூடாது. மூன்று வருடம் முடிகிற வரை ஊருக்குப் போகமுடியாது. பெற்றவர்கள் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். காய்ச்சல் என்றாலும் ஷிப்டுக்கு எழுப்பிவிடுவார்கள். ஆனால் வளையல் போட்டுக்கொள்ள விடுவார்கள். வளையல் போட கையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கண்ணாடி வளையலை எலும்பு தாண்டி ஏற்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில், குனிந்த தலை நிமிராமல், மைமூன் கேட்பாள்: "ஊருக்குப் போகணுமா கண்ணு?"

போகவேண்டும் என்கிறவள் சந்தை நெரிசலில் நழுவி என் வீட்டுக்கு வந்து சேர்வாள். இங்கிருந்து கருப்பணனின் கல்யாண வேனில் போவாள். பஸ் ஸ்டாண்டில் மில் ஆள் நிற்பான், ரோட்டில் மோட்டார் சைக்கிளில் நிற்பார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மல்லிகை மணக்க, உரக்கப் பேசிக்கொண்டு போகிற பெண்கள் நிறைந்த வேனை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை.

ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் வேனும் இல்லை. ஆவணி பிறக்கும்வரை இவள் இங்கேதான்.

பெயர் கோமதி. சங்கரன்கோவில் பக்கம். வயது பதினெட்டு என்கிறாள்.

மைமூன் போனதும் கரண்ட் போய்விட்டது. நான் டார்ச் தேடிக்கொண்டிருந்தபோது சமையலறையில் தீக்குச்சி உரசும் சத்தம். கோமதி சிம்னி விளக்கை ஏற்றிவிட்டாள். தீப்பெட்டியை நான் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒரு மாடத்தில் வைப்பது வழக்கம். எறும்புக்கும் ஈரத்துக்கும் தப்பிக்க.

"அங்கே இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சும்மா தடவிப் பாத்தேன் டீச்சர்."

ஆடி 3, திங்கள்

தலையை மூன்று முறை அலசியும் பஞ்சு வருகிறது. காதுமடலுக்குப் பின்னாலிருந்துகூட எடுத்தேன். வெந்தயம் அரைத்துத் தேய்த்தேன்.

பகலில்தான் தூங்குகிறாள். தூக்கத்தில் விரல்கள் ஓய்வதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்து முறுக்கி விடுகின்றன. அறுந்த நூலை ஒட்டுகிறாளாம். மில் சங்கு ஊதியதும், கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றுவிட்டாள். அவளைத் திரும்பப் படுக்க வைத்தேன். இதற்கொரு உதாரணம் என்னிடமே உண்டு. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் பள்ளிக்கூட மணி கேட்டால் என் கை சாக்பீஸைத் தேடுகிறது. மணிக்கும் சங்குக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அப்புறம் தோன்றியது.

ஆடி 4, செவ்வாய்

கொல்லைக் கதவு தாழ்ப்பாள் சுலபத்தில் வராது. மேலே தூக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளினால்தான் திறக்கும். வீடு கட்டிய கொத்தனாருக்கே அது தெரியாது. இன்று காலை கோமதி அதை மேலே தூக்கி, தோளால் தள்ளித் திறந்தாள்.

மில்லில் ஆள் வைத்து அனுப்பியிருப்பார்களோ? ஒரு பெண்ணை விட்டு வழியைத் தெரிந்துகொள்வது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. மைமூன், கருப்பணன், அவன் மனைவி ராமாத்தாள், நான். நாலு பேரும் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளலாம்.

கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். வீட்டில் ஆளில்லை என்று தெரியவேண்டும் என்பதற்காக எப்போதும் செய்வதுதான். இன்று வேறு காரணத்துக்காகவும்.

ஆடி 5, புதன்

கேட்டுவிட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் தாழ்ப்பாள் எப்படித் தெரியும்? தீப்பெட்டி எப்படித் தெரியும்?"

கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, "காளீஸ்வரி அக்கா சொன்னா" என்றாள்.



காளீஸ்வரி போன ஆடியில் இங்கே இருந்தவள். கமுதிப் பக்கம். ஆவணிக்குக் காத்திருந்தபோது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிய வந்தது. ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார்கள். மைமூன் எதிர்க்கடையில் நின்று பார்த்திருக்கிறாள், வாயைத் திறக்க முடியாமல். அதற்குப் பின்தான் ஆடியில் யாரையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். ஒரு வருடமாக இந்தக் கதவை மில்காரர்கள் யாரும் தட்டவில்லை. அவளிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! அவள் சொல்லவில்லை.

"எப்படி இருக்கா?"

"எங்களுக்கெல்லாம் அவதான் எல்லாம், டீச்சர். அவ சொல்லித்தான் எங்களுக்கு இந்த வீடு."

"என்னைப் பத்தி என்ன சொன்னா?"

"எதுக்கெடுத்தாலும் ஒரு உதாரணம் சொல்வீகளாம்." முதல்முறையாகச் சிரித்தாள். உடனே எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துலக்கியவைதான்.

நல்ல சுத்தமான பெண்.

ஆடி 6, வியாழன்

காளீஸ்வரி இருக்கிறாள். நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஆடி 9, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். மைமூன் கடையில் கூட்டம். என் கையைப் பிடித்து ஒரு வளையலை ஏற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஆளுங்க ஊரு ஊரா கேட்டுட்டு வர்றாங்க டீச்சரம்மா. நம்ம தெருவுக்கும் வருவாங்க. ஆவணி வரைக்கும் வெச்சுக்க முடியாதுங்க."

"ஆடியில அனுப்பறதில்லைன்னு பேசியிருக்கோம்."

"கல்யாண வேன்தான் இல்ல. பதினெட்டாம் பெருக்குக்குக் கொடுமுடி போற வேன் இல்லைங்களா? கருப்பணன் வேன்ல ஊர்ப் பொம்பளைங்கல்லாம் போறாங்க. கொடுமுடியில ரயிலு நிக்குது. அந்தப் புள்ளையோட மாமனுக்குப் போன் பண்ணிட்டேன், ஸ்டேசனுக்கு வந்துருவாரு."

"அதே ரோடு மைமூன். மில் வாசல் வழியா."

"ரோடு அதேதானுங்க. நாமதான் பயந்துட்டு நிக்கறோம்."

 வேறு பேச்சாக, "காளீஸ்வரி கை அளவு ஞாபகம் இருக்கா? அவளுக்கு ஒரு டஜன் கொடு. ஆவணியில அவளையும் கூட்டி வந்துடலாம்" என்றேன். மைமூன் ஒருமுறை பிடித்த கையின் அளவை மறப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"பொறகு பாக்கலாம்ங்க" என்றாள். அப்போது கூட்டமாக இருந்தது, அவளுக்கு நேரமில்லை. நானே குத்துமதிப்பாகப் பச்சையில் ஒரு டஜன் எடுத்துக்கொண்டேன். போன வருடம் பச்சைதான் போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் காட்டினேன். "அவளுக்குச் சரியா இருக்குமா?"

கையில் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப அடுக்கினாள்.

"இருக்கும் டீச்சர்."

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். வெயில் அதிகம்.

ஆடி 11, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை.

கோமதி இன்று நிறையப் பேசினாள். காளீஸ்வரி விடுதிக்குத் திரும்பிய பிறகு பல நாள் வாயே திறக்கவில்லையாம். பிறகு ஒரு நாள், ஷிப்ட் முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தபோது, இந்த வீட்டைச் சொல்ல ஆரம்பித்தாளாம்.

"கதை மாதிரிச் சொல்லுவா டீச்சர். கொல்லைக் கதவத் தூக்கித் தள்ளணும், உள்ள போனா வலது கைப்பக்கம் ஆட்டுக்கல்லு, அதுக்குப் பொறத்தால தீப்பெட்டி, அங்ஙன இருந்து மூணாவது பலகையில ஊறுகா ஜாடி... வார்டன் கேட்டா ஏதோ சினிமாக் கதைன்னு நெனச்சுக்கிடும். தெனமும் கேப்போம். ஒருத்தி தப்பாச் சொன்னா இன்னொருத்தி திருத்துவா. உங்க ஊறுகா ஜாடி மூடி ஒடஞ்சிருக்குன்னு எங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா?"

"ரூம்ல முப்பது பேரு இருக்கோம்லா. ஒவ்வொருத்தியும் இங்கன ஒரு எடத்தப் புடிச்சு வச்சிருக்கா, தூங்கறதுக்கு. கட்டிலுக்கு அடியில பேச்சித்தாய். கொய்யா மரத்தடியில ரெண்டு பேரு. அலமாரிப் பக்கம் சண்டை, கடைசியில மூணு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தோம். எனக்கு அடுப்புக்கிட்ட. குளிரும்லா எனக்கு."

அதனால்தான் அவள் நான் கொடுத்த கட்டிலில் படுக்காமல் அடுப்படியில் பாய் விரிக்கிறாள். நான் கூச்சம் என்று நினைத்தேன்.

"ஜன்னல் பக்கம்?" அங்கேதான் காற்று வரும்.

"அது அக்கா எடம்."

"நீ அங்க உட்காரக்கூட மாட்டேங்கறியே."

"அது அக்கா எடம் டீச்சர்" என்றாள் மறுபடியும், மெதுவாக.

நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பறையை, லீவு நாளில் போய்ப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாத பெஞ்சுகள். ஆனாலும் ஒவ்வொரு பெஞ்சிலும் யார் என்று நமக்குத் தெரியும். சாயங்காலம் விளக்கேற்றித் திரும்பியபோது என் வீடு அப்படி இருந்தது.

ஆடி 12, புதன்

கொய்யா மரத்தடியைச் சுற்றிக் கூட்டினேன். அங்கே இரண்டு பேர் தூங்குகிறார்களாம்.

ஆடி 13, வியாழன்

வந்துவிட்டார்கள்.

துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கேட்டருகே மோட்டார் சைக்கிள் நின்றது. கோமதி உள்ளே போகும்போது வாளியைத் தட்டிவிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"டீச்சர், சவுக்கியமுங்களா? என்னைத் தெரியுதுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி. என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். மில்லில் செக்யூரிட்டி ஆபீசராக இருக்கிறானாம். தொப்பை போட்டிருக்கிறது. சிரிப்பு அதேதான்.

"தெரியாம? உனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது."

"இன்னமும் வராதுங்க! எம்பட பையன் கேலி பண்றானுங்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மில்லுல இருந்து ஒரு புள்ளை போயிருச்சுங்க டீச்சர். வெளியூர்ப் புள்ளை. நாலும் தெரியாத வயசு, எங்காச்சும் போயிச் சீரழிஞ்சிறக் கூடாது பாருங்க. அதாங் தேடீட்டு வர்றோம். பூட்டிக் கீட்டி வெக்கறமேன்னு வெளிய பேசறாங்க. பொட்டப் புள்ளைகளைத் தெறந்து போட்டுட்டு இருக்க முடியுமுங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முழு மனதோடு நம்புகிறான்.

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனான்.

கோமதி கட்டிலுக்கு அடியில் இருந்தாள். வெளியே வரச் சொன்னதும், "பேச்சித்தாய் எடம்னு சொன்னேம்லா, அவதான் எனக்கு எடங்குடுத்தா" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். 

"அவரு அங்கயும் இப்படித்தான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு டீச்சர். எம்மொகமெல்லாம் அவருக்குத் தெரியாது, அத்தன பேரு இருக்கோம்லா."

பெருக்கு வேனுக்குச் சரி என்று மைமூனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பதினெட்டு. ஆனால் ஒன்று. இதுவரை கதவோடு நின்றுவிடுவேன். இந்தமுறை நானும் வேனில் ஏறுவேன்.

ஆடி 16, ஞாயிறு

ராமாத்தாள் பட்டுச்சேலை, ஜாக்கெட், மஞ்சள் கயிறு எல்லாம் கொண்டுவந்தாள். கல்யாணமான முதல் வருடம் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும், பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் கயிறு மாற்றுவதும் வழக்கம். ஆகவே கோமதி என் பெரியப்பா மகனுடைய பேத்தி. போன தையில் கல்யாணம். ஆடிக்கு வந்திருக்கிறாள். வேனில் வருகிற மற்றப் பெண்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. வாயைத் திறந்தால் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும். புதுப்பெண் பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கயிற்றைப் பார்த்ததும் கோமதி பின்னால் நகர்ந்தாள்.

"பொய்யாக் கட்டலாமா டீச்சர்?"

ராமாத்தாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டி, உசுரு நெசந்தானே? அதுக்குத்தான் கட்டறோம். கட்டறதும் யாரு, நானு. நான் உனக்குப் புருசன்னு நெனச்சுக்கோ. கருப்பணங்கிட்ட மட்டும் சொல்லீறாத, பொறாமையில வேனை வாய்க்கால்ல உட்ருவாரு."

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்புறமும் கேட்டாள்: "கழட்டும்போது யாரு கழட்டணும்?"

நான் பள்ளியில் நாடகம் போட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். ராஜாவாக நடித்தவன் மேடையை விட்டு இறங்கியதும் கிரீடத்தைத் தானே கழற்றிக் கொடுப்பான், யாரும் அவனைப் பதவியிலிருந்து இறக்குவதில்லை. "நீயே கழட்டு" என்றேன். கொஞ்சம் யோசித்து, கழுத்தைக் காட்டினாள்.

ஆடி 17, திங்கள்

புளிச்சோறு கிளறினேன். உப்பு போட்டேனா என்று சந்தேகம், கோமதியைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னேன். இருமுறை போட்டிருக்கிறேன்.

ஆடி 18, செவ்வாய்

போய்ச் சேர்ந்தாள்.

இன்று இவ்வளவுதான் எழுத முடியும்.

ஆடி 19, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால் மனசு கொஞ்சம் நிற்கும்.

வேனில் பதினைந்து பெண்கள். காப்பரிசித் தூக்கு, சோற்றுத் தூக்கு, பூக்கூடை. கோமதி ஜன்னலோரம், அவள் பக்கத்தில் நான், பின்னால் ராமாத்தாள். மில் வாசலைத் தாண்டும்போது கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். சங்கு அப்போது ஊதவில்லை. நல்ல காலம்.

முத்தூர் தாண்டியதும் ரோட்டில் ஒருவர் கையைக் காட்டினார். கருப்பணனால் நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. ஈஸ்வரமூர்த்தி. மோட்டார் சைக்கிள் பஞ்சராம். பெருக்குக் கூட்டத்தில் ஒரு கண் வைக்கச் சொல்லி மில்லில் அனுப்பியிருக்கிறார்களாம். கொடுமுடிக்கு முன்னால் இறக்கிவிட்டால் போதும் என்று டிரைவர் பக்கத்தில் ஏறி, எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"அட, டீச்சரும் வர்றீங்களா! இது யாருங், புதுப்பொண்ணுங்களா?"

"எங்க பெரியப்பா பையனோட பேத்தி. ஆடிக்கு வந்திருக்கா."

"பேரென்ன கண்ணு?"

கோமதி இன்னும் குனிந்தாள். ராமாத்தாள் பின்னாலிருந்து, "புதுப்பொண்ணு கிட்டப் போயி பேரு கேக்கறான் பாரு! உம்பட பொண்டாட்டி பேரை மொதல்ல சொல்லு, நாங்க கேக்கறோம்" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். யாரோ அவன் கையில் காப்பரிசி வைத்தார்கள்.

அவன் கண் கோமதியிடமே இருப்பதாக எனக்குத் தோன்றியது. திருப்பவேண்டும் என்று நானே வாயைக் கொடுத்தேன். "அந்தப் புள்ளை கெடைச்சுதா ஈஸ்வரா?"

"இல்லீங் டீச்சர். ஊருக்கு ஆளுப் போயிருக்குது. இந்த ஆடி வந்தாலே இப்படித்தானுங். போன வருசமும் ஒண்ணு ஓடுச்சு. கமுதிப் புள்ளை. பஸ் ஸ்டாண்டுலயே புடிச்சுக் கூட்டியாந்துட்டோம். ஆனா அது தங்கலீங்."

"ஓடிட்டாளா?"

"அதில்லீங். தையில காய்ச்சல்னு சொல்லுச்சு. லீவு போடறதுக்கு நடிக்குதுன்னு வார்டனு எழுப்பி எழுப்பி உட்ருக்குது. பொறகு பாத்தா நெசமாவே காய்ச்சலுங். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." காப்பரிசியை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தான். "நாந்தாங் வண்டியில ஊருக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். அவங்கப்பனும் அதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டாராமா. அந்தம்மா எங்காலைப் புடிச்சுட்டு, 'கொண்டாந்து குடுத்தீகளே சாமி'ன்னு அழுவுது. அன்னிக்குச் சோறு எறங்கலீங் எனக்கு."

ஜன்னலுக்கு வெளியே கரும்பு. கரும்புக்கு நடுவே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. என் மடியில் கோமதியின் கை இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியாது. விரல்கள் முறுக்கவில்லை, அசையாமல் இருந்தன. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு மட்டும் எனக்கு அந்த நேரம் புரிந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகவே முகத்தை வைத்துக்கொண்டேன். பேத்தியைக் கயிறு மாற்றக் கூட்டிப் போகிறவளின் முகம்.

"போச்சாதுங், உடுங்க, நல்ல நாளும் அதுவுமா இதையெல்லாம் சொல்லீட்டு இருக்கறேன்" என்றான். "மாப்பிள்ளை எந்தக் கூட்டமுங் டீச்சர்?"

கூட்டம் என்றால் குலம்; எங்கள் பக்கம் யாரும் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஊர், பெயர், வேலை, சம்பந்தி வீடு என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த நான் இதை யோசிக்கவில்லை. என் வாய் தானாகச் சொன்னது: "ஆந்தை கூட்டம்."

அது என் கூட்டம். என் பெரியப்பா மகனுடைய கூட்டம். அப்படியென்றால் அவருடைய மகன் வழிப் பேத்தியின் கூட்டமும் அதுதான். ஒரே கூட்டத்துக்குள் எல்லோரும் அண்ணன் தங்கை. பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. இது தெரியாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது.

 ஈஸ்வரமூர்த்தி கையிலிருந்த காப்பரிசியைக் கீழே வைத்தான். என்னையும் பார்த்தான், கோமதியையும் பார்த்தான்.

"நீங்க ஆந்தை கூட்டமில்லைங்களா டீச்சர்?"

கருப்பணன் வண்டியை மெதுவாக்கினான்.  

ராமாத்தாள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"ஏனுங் டீச்சர், அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கட்டி வெச்சீங்க? நாங்க வந்து மொய்யெல்லாம் வெச்சுட்டு வந்தமே! கல்யாணமே பண்ணாதவிங்க கிட்டப் போயி மாப்பிள்ளை வெவரம் கேக்கறயே ஈஸ்வரா, உனக்குப் புத்தியிருக்குதா? இவிங்களுக்குக் கூட்டம்னா பிரேயர் கூட்டந்தான் தெரியும். பையன் கண்ணன் கூட்டம், நாந்தான் பந்தியில பரிமாறுனேன்."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும். "டீச்சருக்கு வயசாயிப் போச்சு!" "வாய்ப்பாடு கேட்டிருந்தா கரெக்டாச் சொல்லியிருப்பாங்க!" ஈஸ்வரமூர்த்தி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோர் முன்னாலும். "பாருங்க, டீச்சர் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி" என்றான் ஈஸ்வரமூர்த்தி, சந்தோஷமாக. கொடுமுடிக்கு முன்னால் இறங்கும்வரை நான் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தேன். காளீஸ்வரிக்காக நான் அழுதது அப்படித்தான்.

இறங்கும்போது கோமதியைப் பார்த்து, "நல்லா இரு கண்ணு" என்றான்.

ஆற்றங்கரையில் நிற்காமல் நானும் கோமதியும் நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் மாமா ஏற்கெனவே வந்து, டிக்கெட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேச்சு வராத மனிதர். கும்பிட்டுவிட்டு எங்களைத் தனியே விட்டு நகர்ந்தார். கோமதி கயிற்றைத் தானே கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"அவ ஒரு சேதி சொல்லிவிட்டா. 'நீ வெளிய போனா டீச்சரப் பாத்து, நான் ஊருக்குப் போய்ச் சேந்துட்டேன்னு சொல்லிரு. நல்லா இருக்கேன்னு சொல்லிரு. அவுக மனசு தாங்காது'ன்னா. அதச் சொல்லத்தான் அன்னைக்கே வரணும்னு அடம் புடிச்சேன். நீங்க மொதல்லயே, எப்படி இருக்கான்னு கேட்டீக. பிடிபட்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பொய்யும் சொல்ல முடியல, உள்ளதயும் சொல்ல முடியல." மூக்கை உறிஞ்சினாள். "சொல்லிரலாம்னு அன்னைக்கு நெனச்சேன். நீங்க வளையல் வாங்கிட்டு வந்து நின்னீக."

ரயில் வந்தது. ஏறும் முன் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து என் கண்களைத் தன் முந்தானையால் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. பிறகு ஏறிவிட்டாள்.

ஆற்றுக்குத் திரும்பினேன். படித்துறை முழுக்கப் புதுக் கயிறும் மஞ்சளுமாகப் பெண்கள். ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஐயரிடம், காலமான ஒரு பெண்ணுக்காக ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்டேன். "இன்னிக்கு மங்கல நாளும்மா, அமாவாசைக்கு வாங்கோ" என்றவர், "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். யோசித்தேன். கோமதி கழற்றித் தந்த கயிற்றை ஆற்றில் விட்டுவிட்டு வேனுக்குத் திரும்பினேன்.

ஆடி 22, சனி

கோமதி நலம் என்று அவள் மாமா போன் செய்தாராம். மைமூன் வந்து சொன்னாள்.

"உனக்கும் தெரியுமா மைமூன்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுங்க. ஆனா தை மாசத்துல இருந்து அந்தப் புள்ளை கை வரலீங் டீச்சரம்மா. மத்த கையெல்லாம் வந்துச்சு. கேக்கறதுக்குப் பயந்துட்டேன். கேட்டு உங்களுக்குச் சொன்னா, நீங்க கதவைச் சாத்திருவீங்களோன்னு."

இருவருக்கும் டீ போட்டேன். குடித்தோம். அவள் சுற்றிலும் பார்த்தாள். இத்தனை வருடமாக வந்து போகிறவள், இன்றுதான் வீட்டைப் பார்ப்பதுபோல.

"ரெண்டு புள்ளைங்க கேட்டிருக்குதுங்க" என்றாள். "ஈஸ்வரமூர்த்தி வேற உங்களப் பாக்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லீட்டுத் திரியறானாமா. வேண்டாம்னா சொல்லிருங்க டீச்சரம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வேற வீடு பாத்துக்கலாம். இல்லாட்டி ஆவணிக்கு அப்பறம்..."

"மில் வேன் அடுத்து எப்போ சந்தைக்கு வருது?"

"ஆடி கடைசி ஞாயித்துக்கெழமைங்க."

"அன்னைக்கே வரச் சொல்லு. ஆவணி வரைக்கும் எதுக்கு? நான் கூடவே போய் விட்டுட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி கமுதிக்கு ஒரு தடவை போய் அவ அம்மாவைப் பார்க்கணும்."

மைமூன் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நடுங்குதுங்களே டீச்சரம்மா."

"நடுங்கட்டும்" என்றேன்.